கட்டிகளை எண்ணியபோது தெரிந்தது: மூன்று பூனைகள் வாழும் வீட்டில் மணல் தொட்டி நாற்றம்

"அக்கா, கரியனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார் அவர். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்துகிறார்களாம்."

தொலைபேசியில் இதைச் சொல்லும்போது என் தங்கையின் குரல் கம்மியது. நான் பல ஆண்டுகளாகப் பூனை வளர்க்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள் இருந்தன. நாற்றத்துக்காகப் பூனைகள் வீடு மாறுவதை முன்பும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். "ஆறு வாரம் பொறுத்துக்கொள். அதுவரை எந்தப் பூனையையும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டு அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டேன். அந்த ஆறு வாரங்களில் நாங்கள் பார்த்ததும் செய்ததும்தான் இந்தப் பதிவு. பூனைகள் சிறுநீரும் மலமும் கழிக்க வீட்டுக்குள் வைக்கும் தொட்டியை, லிட்டர் பாக்ஸ் என்று பலரும் சொல்வதை, எங்கள் குடும்பத்தில் மணல் தொட்டி என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வீடும் பூனைகளும்

இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. தங்கை, அவள் கணவர், 9 வயது மகன் என மூன்று பேர். பூனைகளும் மூன்று. முத்துவுக்கு 12 வயது, கருத்தடை செய்த ஆண். சிட்டு 4 வயதுப் பெண், அவளுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. கரியன் 11 மாத ஆண். மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தங்கை மகன் தூக்கி வந்து வளர்த்தான். கரியனுக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை. நாற்றம் தாங்க முடியாமல் போனது கரியன் வளர்ந்த பிறகுதான் என்பதால் குடும்பத்தின் சந்தேகம் முழுவதும் அவன் மேல் இருந்தது.

தொட்டிகள் இரண்டே. ஒன்று குளியலறைக்கு வெளியே, மேல்மூடி போட்டது. மற்றொன்று பால்கனியில், மூடியில்லாத தாழ்வான தட்டு. நறுமணம் சேர்த்த பென்டோனைட் களிமண் மணலை இரண்டிலும் நிரப்பியிருந்தார்கள். சிறுநீர் பட்ட மணல் இறுகிக் கட்டியாகும்; இரவில் படுக்கப் போகும் முன் ஒரே ஒரு முறை அந்தக் கட்டிகளை அள்ளுவார்கள். அறை நறுமணத் தெளிப்பான், மணலில் தூவும் வாசனைப் பொடி, சமையல் சோடா என எல்லாவற்றையும் முயன்று பார்த்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஓரிரு நாள் பலன் தந்ததுபோல் தோன்றி, பிறகு மலர் வாசனையும் மூத்திர நாற்றமும் கலந்த, முன்பைவிட மோசமான ஒன்றாக மாறிவிட்டது.

முதல் மூச்சு

கதவு திறந்ததும் உள்ளிழுக்கும் முதல் மூச்சை மட்டுமே நம்ப வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மூக்கு ஒரு வாசனையில் சில நிமிடங்கள் இருந்தால் அதை உணர்வதை நிறுத்திவிடும். தங்கை தன் வீட்டு நாற்றத்தை உணராததற்கு அலட்சியம் காரணமன்று. யாருடைய மூக்கும் அப்படித்தான். அன்று பத்து நிமிடத்துக்குப் பிறகு எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் மாடிப்படி வரை இறங்கிப்போய், வெளிக்காற்றில் நின்றுவிட்டு, மறுபடி உள்ளே வந்து ஒவ்வோர் இடமாக முகர்ந்தேன். அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் இதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது.

அங்கே இருந்தவை இரண்டு வெவ்வேறு நாற்றங்கள். மூடித் தொட்டியின் அருகே குனிந்தால் கண்ணைக் கரிக்கும் அமோனியா. கூடத்தில், காலணி அலமாரியின் பக்கம், தொட்டியே இல்லாத இடத்தில், கனமான ஓர் ஆண் பூனை வாடை. வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டும் கலந்து ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. பழியை ஒரே பூனையின் மேல் போட்டதற்கும் அதுவே காரணம்.

நாற்றம் பிறக்கும் நேரம்

பூனை அப்போதுதான் கழித்த சிறுநீரில் அமோனியா நாற்றம் அநேகமாக இருக்காது. சிறுநீரில் இருப்பது யூரியா. மணலிலும் தொட்டிச் சுவரிலும் வாழும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைக்கும்போதுதான் அமோனியா கிளம்புகிறது. அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். ஈரமும் வெப்பமும் அதை விரைவாக்கும். பூனையின் சிறுநீர் மிகவும் அடர்த்தியானது. இறைச்சி உண்ணும் உடல் என்பதால் அதில் யூரியாவும் அதிகம். ஆக, ஒரு கட்டி எவ்வளவு நேரம் தொட்டியில் கிடக்கிறது என்பதே அமோனியாவின் அளவைத் தீர்மானிக்கிறது. இரவு பத்து மணிக்கு மட்டும் அள்ளும் வீட்டில், நள்ளிரவில் விழுந்த கட்டி மறுநாள் இரவு வரை கிடக்கும்.

ஆண் பூனை வாடையின் கதை வேறு. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் இருக்கிறது. அது உருவாவதற்குச் சிறுநீரகத்தில் சுரக்கும் காக்சின் என்ற புரதம் துணை நிற்கிறது. கருத்தடை செய்யாத ஆண்களிடம் இவை மிக அதிகம், ஏனென்றால் ஆண் இயக்குநீரே (ஹார்மோன்) இந்த உற்பத்தியைத் தூண்டுகிறது. ஃபெலினின் தானே பெரிதாக மணப்பதில்லை. அது சிதைந்து தரும் கந்தகச் சேர்மங்கள்தான் சுவரிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் மணக்கின்றன.

கூடத்து வாடை கரியனுடையது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தபோது, காலணி அலமாரியின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மஞ்சள் பச்சையாக வழிந்த தடங்கள் ஒளிர்ந்தன. அவன் வாலை நிமிர்த்தி அங்கே பீய்ச்சியிருக்கிறான். ஆனால் கண்ணைக் கரித்த அந்த அமோனியா? அதற்கு அவனைக் குற்றம் சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நோட்டுப் புத்தகம்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அள்ளும்போது எத்தனை சிறுநீர்க் கட்டிகள், எவ்வளவு பெரியவை, எத்தனை மலம் என்று குறிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தங்கை மகன் வாங்கிக்கொண்டான். அவன் கையால் எதையும் தொடக்கூடாது, அம்மா அள்ளிக் காட்டியதைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். எண்களுக்குப் பதிலாக வட்டங்கள் வரைந்தான்: எலுமிச்சை அளவுக்குச் சிறு வட்டம், அவன் முஷ்டியைவிடப் பெரிதென்றால் பெரிய வட்டம், உடைந்துபோனால் கோடு கிழித்த வட்டம்.

நலமாக உள்ள பூனை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 முறை சிறுநீர் கழிக்கும். அப்படியென்றால் மூன்று பூனைகளுக்கு 6 முதல் 12 கட்டிகள் இருக்கலாம். நோட்டில் பெரும்பாலான நாள்களில் 13, 14 வட்டங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு நெருக்கமானவை பெரிய வட்டங்கள். அந்தப் பெரிய வட்டங்கள் எல்லாவற்றிலும் கோடு.

அடுத்த சனிக்கிழமை நான் போனதும் தங்கை மகன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "பெரியம்மா, பெரிய வட்டம் எல்லாமே மூடி போட்ட தொட்டியில்தான் இருக்கிறது. கரியன் அதற்குள் போகவே மாட்டான்."

அவன் சொன்னது சரி. கரியன் பால்கனித் தட்டை மட்டுமே பயன்படுத்துவான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாருக்கும் அது பொருட்டாகத் தோன்றவில்லை. மூடித் தொட்டிக்குப் போவது சிட்டுவும் முத்துவும். அன்று இரவு முத்துவைத் தனியே ஒரு படுக்கையறையில், அவனுக்கென்று ஒரு தொட்டியும் தண்ணீரும் வைத்து விட்டோம். மறுநாள் காலைக்குள் மட்டும் நான்கு பெரிய வட்டங்கள்.

12 வயதுப் பூனை அளவுக்கு மீறிச் சிறுநீர் கழித்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகை. திங்கள்கிழமையே கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.014. நலமான பூனைக்கு அது வழக்கமாக 1.035க்கு மேல் இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை இயல்பு, தைராய்டும் இயல்பு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் உயர்ந்திருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய், ஆனால் முற்றவில்லை என்றார் மருத்துவர். உணவை மாற்றினார், தண்ணீர்க் கிண்ணங்களைக் கூட்டச் சொன்னார். பின்னங்கால் மூட்டுகளில் விறைப்பு இருப்பதையும் கண்டார்.

தங்கை வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதாள். "இவன் நோயாளி என்று தெரியாமல் கரியனை அனுப்பப் பார்த்தோமே, அக்கா." நான் எதுவும் சொல்லவில்லை. முத்து கூண்டுக்குள் அமைதியாகப் படுத்திருந்தான். முதுமையில் பூனைகள் நோயை எவ்வளவு நன்றாக மறைத்துவிடுகின்றன என்பதை நானும் அறிந்தவள்தான். என் பூனை ஒன்றுக்கு நாங்கள் மிகவும் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை கூடுவது மட்டும் செய்தியல்ல. ஆண் பூனை தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, சொட்டுக்கூட வராமல் வெளியே வந்தால், அது சிறுநீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது; அந்த நேரத்திலேயே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தொட்டியின் அடியில்

எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. முத்துவின் சிறுநீர் நீர்த்துப்போனது; யூரியாவும் அதில் அடர்த்தி குறைவு. அப்படியானால் நாற்றம் குறைய வேண்டுமே, ஏன் கூடியது?

மூடித் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. மணலின் ஆழம் இரண்டு விரற்கடைதான் இருந்தது. சோடியம் பென்டோனைட் தண்ணீர் பட்டதும் வீங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். போதிய ஆழம் இருந்தால் கட்டி நடுவிலேயே உருவாகி முழுதாக வெளியே வரும். முத்துவின் சிறுநீரோ அளவில் அதிகம். மணலைத் தாண்டி அடித்தட்டைத் தொட்டு, அங்கே சாம்பல் நிறச் சேறாக ஒட்டியிருந்தது. சல்லடைக் கரண்டியால் சுரண்டும்போது கட்டி உடைந்து, ஈரத் துணுக்குகள் சல்லடைக் கண்கள் வழியே மறுபடியும் நல்ல மணலுக்குள் விழுந்திருக்கின்றன. தங்கை மகன் கோடு கிழித்த வட்டங்கள் இவைதான். ஒவ்வோர் இரவும் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். மூத்திரத்தில் ஒரு பங்கும் அதோடு பாக்டீரியாக்களும் உள்ளேயே தங்கிவிட்டன.

இன்னொன்றும் இருந்தது. மூட்டு விறைப்பால் முத்து முழுதாகக் குந்த முடியாமல் பாதி நின்றபடி கழித்திருக்கிறான். சிறுநீர் தொட்டியின் சுவரில் பட்டு, மூடியும் தொட்டியும் சேரும் இடுக்கின் வழியே வெளியே கசிந்து, தொட்டிக்கு அடியில் தரையோடு பரவிக் காய்ந்திருந்தது. தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் அந்தத் தரையை யாரும் தொட்டதில்லை. பிளாஸ்டிக் முழுவதும் நகக் கீறல்கள் வேறு. கீறல்களுக்குள் பாக்டீரியாக்கள் தங்கிவிட்டால் சோப்பு அங்கே எட்டாது. அதனால்தான் பிளாஸ்டிக் தொட்டிகளை ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி என்றால் இந்தத் தொல்லை குறைவு.

1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோவ் என்பவர் களிமண் துகள்களைப் பூனைகளுக்கென விற்கத் தொடங்கும் வரை பல வீடுகளில் சாம்பலும் மணலும்தான் தொட்டிகளை நிரப்பின. அவருடைய களிமண் ஈரத்தை உறிஞ்சியது, அவ்வளவே; கட்டியாகும் வகை 1980களில்தான் வந்தது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். உறிஞ்சும் மணல் மூத்திரத்தை ஒளித்து வைக்கிறது. கட்டியாகும் மணல் அதை அள்ளி வெளியே எறிய வழி செய்கிறது. ஆனால் அள்ளினால்தான், அதுவும் உடையாமல் அள்ளினால்தான் அந்த வசதிக்குப் பொருள்.

மாற்றங்கள்

முதலில் பழைய கறைகள். தொட்டியின் அடித்தரை, காலணி அலமாரி இரண்டையும் நொதி கலந்த சுத்திகரிப்புத் திரவத்தால் நனைத்தோம். தெளித்தவுடன் துடைத்துவிட்டால் பயனில்லை. சிறுநீர் ஊறிய ஆழத்துக்கு இதுவும் ஊறி, தானாகக் காய வேண்டும். அலமாரியின் அடிப்பலகை மட்டும் வீங்கிப்போயிருந்ததால் தூக்கி எறிந்தோம். வெற்று மரம் மூத்திரத்தைக் குடித்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

மூடித் தொட்டி வீட்டை விட்டுப் போனது. மூடி நாற்றத்தை மனிதர்களிடமிருந்து மறைத்து, பூனைக்கென்று உள்ளே சேர்த்து வைக்கிறது. நம்மைவிடக் கூர்மையான மூக்கு கொண்ட உயிர், அமோனியா நிறைந்த அந்தப் பெட்டிக்குள் முகம் தாழ்த்தி மண்ணைக் கிளற வேண்டும். அதன் இடத்தில் உயரமான சுவர்கள் கொண்ட, துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்து, ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி விளிம்பைத் தேய்த்து மழுக்கினோம். முத்து காலைத் தூக்கி ஏற வேண்டியதில்லை. நின்று கழித்தாலும் வெளியே தெறிக்காது. பூனையின் மூக்கு முதல் வாலின் அடி வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தொட்டியின் நீளம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கடைகளில் கிடைப்பவற்றில் பல அந்த அளவுக்கு வருவதில்லை.

மணலின் ஆழம் 7 சென்டிமீட்டர். அள்ளுவது காலை, இரவு என இரண்டு முறை. முத்துவின் தொட்டியை மட்டும் மாலையிலும் ஒரு முறை. அடியில் சுரண்டாமல், கட்டியின் பக்கவாட்டில் கரண்டியைச் செருகித் தூக்கத் தங்கை பழகிக்கொண்டாள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். இந்த வீட்டில் நான்குக்கு இடமில்லை. மூன்றாவதைத் தங்கை மகனின் அறைக்கு வெளியே வைத்தோம். நான்காவதற்குப் பதில்தான் அந்தக் கூடுதல் மாலை அள்ளல். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மணல் முழுவதையும் கொட்டி, வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே புது மணல்.

அள்ளிய கட்டிகள் போகும் வாளிக்கு இறுக்கமான மூடி. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பக்கத்திலேயே திறந்த குப்பைக் கூடையில் கட்டிகளைப் போடுவார்கள். கழிப்பறையில் கொட்டவும் கூடாது. பென்டோனைட் குழாய்க்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும்.

என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். நாற்றத்தைச் சீக்கிரம் ஒழிக்கும் அவசரத்தில், தொட்டியையும் மணலையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லிவிட்டேன். நறுமண மணல் போய் வாசனையில்லாத மணல், மூடித் தொட்டி போய் திறந்த பெட்டி. சிட்டு புதுப் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த இரண்டு நாள்கள் குளியலறைக் கால்மிதியில் கழித்தாள். பழைய மணலில் இரண்டு கரண்டியைப் புதுப் பெட்டியில் கலந்து, பத்து நாள்களில் சிறிது சிறிதாகக் குறைத்த பிறகே அவள் சமாதானமானாள். பூனைக்கு அதன் தொட்டியின் வாசனை ஒரு முகவரி போன்றது. அதை ஒரே இரவில் அழித்திருக்கக் கூடாது.

நான்காவது வாரத்தில் கரியனுக்குக் கருத்தடை ஆனது. வாடை அன்றே நிற்கவில்லை. உடலில் மிச்சமிருக்கும் இயக்குநீர் குறையச் சில வாரங்கள் பிடிக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பீய்ச்சும் பழக்கமும் பெரும்பாலான ஆண் பூனைகளில் இதன்பின் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும்.

விட்டுவிட்டவை

சமையல் சோடாவைப் பற்றித் தங்கை பலமுறை கேட்டாள். அமோனியா காரத்தன்மை உடையது. சோடாவும் அதே பக்கம்தான். மலத்திலிருந்து வரும் அமில வாடைகளை அது ஓரளவு தணிக்கலாம், அமோனியாவை அடக்காது. நீர்த்த வினிகர் அமிலம் என்பதால் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது அதைப் பயன்படுத்தினோம். ஆனால் ஃபெலினின் தரும் கந்தக வாடைக்கு அது மருந்தாகாது. கிளர்வூட்டிய கரி வாடை மூலக்கூறுகளைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கிறது என்பதால், பால்கனித் தொட்டி மணலில் சிறிது கலந்தோம். அது உதவியது. இருந்தாலும் அள்ளுவதற்கு அது ஈடாகாது.

வெளுப்புத் திரவத்தை மட்டும் தொட்டியின் அருகே கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூத்திர அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு உண்டாகும். அது பூனையின் நுரையீரலுக்கும் நமக்கும் கேடு. அமோனியா கலந்த துடைப்பான்கள் பூனைக்கு மூத்திரத்தின் வாசனையையே நினைவூட்டி, அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கும். நறுமண எண்ணெய் ஆவியாக்கியை அன்றே அணைத்து அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். பல நறுமண எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. வீடு மணக்க வேண்டும் என்பதற்காக அந்த உயிர்களுக்கு நஞ்சூட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கருவுற்ற பெண்கள் வீட்டில் இருந்தால் தொட்டியை வேறொருவர் அள்ள வேண்டும். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமியின் முட்டைகள் பூனை மலத்தோடு வெளிவந்து 1 முதல் 5 நாள்களுக்குப் பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. தினமும் அள்ளுவதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

ஆறாவது சனிக்கிழமை

மாடிப்படியில் சற்று நின்று மூச்சை ஆற்றிக்கொண்டு கதவைத் தட்டினேன். திறந்ததும் உள்ளிழுத்த முதல் மூச்சில் சோப்பு வாசனை இருந்தது. தொட்டிகளின் அருகே போய்க் குனிந்தால் ஈர மண்ணின் வாடை, அதற்கு மேல் எதுவும் இல்லை. காலணி அலமாரியின் பக்கம் மிக லேசாக இன்னும் ஏதோ இருந்தது. சிட்டு மலம் கழித்துவிட்டுப் புதைக்காமல் போனால் சில நிமிடங்களுக்கு அறையே அவளுடையதுதான்; அதற்குக் கரண்டியை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கரியன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தங்கையின் கணவர் பாதத்தின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு அதன்பின் வரவில்லை.

நோட்டுப் புத்தகத்தை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டார். மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் முத்துவின் வட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் அவனைத் தொட்டுப் பார்க்கிறார். இப்போது அவனுக்கு நாளொன்றுக்கு ஐந்து, சில நாள்களில் ஆறு. இன்னும் பெரிய வட்டங்கள்தான். ஆனால் எதிலும் கோடு இல்லை.